சர்க்கார் கம்ப்யூட்டரின் சாவி யாரிடம்?

சர்க்கார் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த சாப்ட்வேர் இருந்தால் என்ன, காரியம் நடந்தால் சரி என்று நினைப்பவர்களே நம்மில் அதிகம். ஆனால், சர்க்கார் கட்டற்ற சாப்ட்வேரைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று சட்டம் போடலாமா, கூடாதா என்ற தர்க்கம் இருபது வருஷங்களுக்கு மேலாகப் பல தேசங்களில் நடந்து வருகிறது. தமிழ் நாட்டிலும் அது இரண்டு மூன்று தடவை தலைதூக்கி, பிறகு அடங்கிவிட்டது. அடங்கியதால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லட்சக்கணக்கில் மாணவர்களுக்கு லாப்டாப் வாங்கும்போதெல்லாம், தாலுகா ஆபீஸில் பட்டா கொடுக்கும்போதெல்லாம், வியாபாரி வரிக்கணக்கு அனுப்பும்போதெல்லாம் அந்தக் கேள்வி மேஜைக்கடியில் உட்கார்ந்துதான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளக் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம். ஓசூரில் ஒரு சின்னப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தால் போதும்.

டிராயிங் யாருடையது?

ஜூஜூவாடி எல்லையிலிருந்து கிருஷ்ணகிரி வரை உள்ள பிரதேசம் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று ஆரம்பித்து, இன்று போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் வரை வந்துவிட்டது. பெரிய தொழிற்சாலைகளின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளின் பெயர் அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். இரண்டு லேத்து, ஒரு சி.என்.சி. யந்திரம், ஐந்தாறு ஆட்கள். இவ்வளவுதான் பல பட்டறைகளின் மூலதனம்.

இந்தப் பட்டறைக்கு வேலை எப்படி வருகிறது? டிராயிங்காக வருகிறது. இந்த அளவு, இந்த உலோகம், இவ்வளவு வரை பிசகலாம் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த டிராயிங் யாருடைய சொத்து? பணம் கொடுத்து வரையச் சொன்னவருடையது. ஒரு பட்டறைக்காரர் விலையை ஏற்றினால், அல்லது சொன்ன தேதிக்குச் சரக்குக் கொடுக்காவிட்டால், அதே டிராயிங்கை எடுத்துக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடலாம். போட்டி இருப்பது அதனால்தான். விலை கட்டுக்குள் நிற்பதும் அதனால்தான். "டிராயிங்கைக் காட்டமாட்டேன், பாகத்தை மட்டும் என்னிடமே வருஷா வருஷம் வாங்கிக்கொள்" என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னால், எந்தத் தொழிற்சாலையாவது ஒப்புக்கொள்ளுமா?

சாப்ட்வேரிலும் இப்படி ஒரு டிராயிங் உண்டு. மூல நிரல் என்று அதற்குப் பெயர். கம்ப்யூட்டர் என்னென்ன செய்ய வேண்டும் என்று மனிதன் படிக்கக்கூடிய பாஷையில் எழுதியது அது. அதை யந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவத்துக்கு மாற்றித்தான் நம் கையில் கொடுக்கிறார்கள். பூட்டிய சாப்ட்வேர் என்றால் டிராயிங் கம்பெனியிடமே இருக்கும்; நமக்கு ஓட்டிப் பார்க்க அனுமதி மட்டும். கட்டற்ற சாப்ட்வேர் என்றால் டிராயிங்கும் சேர்ந்து வரும். படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983ல் இந்த உரிமைகளைக் கேட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் அதோடு சேர்ந்தது. இன்று நம் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அந்த லினக்ஸின் ஒரு வடிவந்தான்.

கட்டற்றது என்றதும் இனாம் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். விலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விஷயம் விலையில் இல்லை, டிராயிங்கில் இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

கட்டாயம் வேண்டாம் என்பவர்கள்

கட்டாயம் கூடாது என்பவர்களின் வாதம் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. நல்ல பொருள் எதுவோ அதை வாங்குவதுதான் சர்க்காரின் கடமை. முன்கூட்டியே ஒரு வகையை விலக்கிவைப்பது போட்டியைக் கொல்வதாகும் என்கிறார்கள். சாப்ட்வேர் இனாமாகக் கிடைத்தாலும் ஆட்களைப் பழக்கும் செலவு இனாமல்ல என்கிறார்கள். இரண்டும் உண்மை.

மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்கள். அதுதான் எனக்குக் கனமாகப் படுகிறது. இந்தியாவில் சாப்ட்வேரை எழுதி, லைசென்ஸ் விற்று, அதில் பிழைத்து வளர்ந்த கம்பெனிகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து சுமார் நாற்பது கிலோ மீட்டரில் இருக்கும் பெங்களூரில் வளர்ந்தது டாலி. அந்தக் கணக்குப் பொட்டலம் இல்லாத கடை இந்தப் பக்கம் குறைவு. தமிழ் நாட்டிலே வளர்ந்தது ஜோஹோ. 2025ல் மத்திய சர்க்கார் தன் ஊழியர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மின்னஞ்சலை ஜோஹோவின் கட்டமைப்புக்கு மாற்றியதாகச் செய்தி வந்தது. கட்டற்ற சாப்ட்வேர் மட்டும் என்று நேற்றே சட்டம் போட்டிருந்தால் இந்தச் சுதேசிக் கம்பெனிகளுக்கு வாசற்படி ஏறவே வழி இருந்திராது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கையும் தேவை. சுதேசி என்பது ஒன்று. திறந்தது என்பது வேறு. சொந்த ஊர்க்காரர் பூட்டினாலும் பூட்டு பூட்டுத்தான். சாவி பக்கத்துத் தெருவில் இருக்கிறது, சண்டை வந்தால் நம் ஊர்க் கோர்ட்டிலே வழக்காடலாம் என்கிற ஆறுதல் உண்டு. அது சின்ன ஆறுதலல்ல என்பதை அடுத்துச் சொல்லும் சம்பவம் காட்டும்.

குஜராத்தில் வாடினார் என்ற இடத்தில் நயாரா எனர்ஜி என்னும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஸ்தாபனம் இருக்கிறது. அதில் ரஷ்யக் கம்பெனிக்குப் பெரும் பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்தது. இந்தியச் சட்டப்படி வந்த தடையல்ல அது. ஆனாலும் சில நாட்களுக்குள் மைக்ரோசாப்ட், நயாராவின் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. பணம் கட்டி வாங்கிய சேவை அது. ஸ்தாபனம் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. மாத முடிவுக்குள் சேவை திரும்ப வந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். இந்திய மண்ணில் இந்தியச் சட்டப்படி நடக்கும் ஒரு தொழிற்சாலையின் தபால் பெட்டியை வேறு கண்டத்தில் எடுத்த முடிவு பூட்டிவிட முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. தொழிற்சாலைக்கு நேர்ந்தது கலெக்டர் ஆபீஸுக்கு நேராது என்று எதை வைத்துச் சொல்ல முடியும்?

கட்டற்ற சாப்ட்வேர் இருந்தால் இது நேராது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் கூடாது. அதைப் பிறத்தியார் கம்ப்யூட்டரில் வாடகைக்கு ஓட்டினால் அவர்களும் பிளக்கைப் பிடுங்கலாம். ஆனால் டிராயிங் கையில் இருப்பவன் வேறொரு பட்டறைக்குப் போவான். டிராயிங் இல்லாதவன் எங்கே போவான்?

தமிழ் நாடு பார்த்த மூன்று முயற்சிகள்

நம் மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். சர்க்காரின் எலெக்ட்ரானிக்ஸ் கழகமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக 2006, 2007 வாக்கில் இருந்தவர் சி. உமாசங்கர், ஐ.ஏ.எஸ். அவர் முதலில் தம் ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டர்களையே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றினார். தாம் செய்யாததைப் பிறருக்கு உபதேசிக்கவில்லை. பிறகு பள்ளிகளுக்கும் மற்ற இலாகாக்களுக்கும் அதைக் கொண்டுபோக முயன்றார். அந்நாளில் இது தேசம் முழுவதும் பேசப்பட்டது. 2008ல் அவர் அந்தப் பதவியை விட்டுப் போனார். வேகமும் அவரோடு போய்விட்டது.

இரண்டாவது, 2011 செப்டம்பரில் ஆரம்பித்த இலவச லாப்டாப் திட்டம். அந்த லாப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது. சென்னை சிடாக் தயாரித்த 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. யந்திரத்தைப் போட்டதும் எந்த வாசல் வழியாகப் போகிறாய் என்று அது கேட்கும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான ஏற்பாடு இல்லை. இரண்டையும் கொடுத்தாயிற்று, பிள்ளைகள் தேர்ந்துகொள்ளட்டும்! ஆனால் எந்தப் பிள்ளை தேர்ந்துகொள்ளும்? வாத்தியாருக்குத் தெரிந்தது ஒன்று, பக்கத்து வீட்டு அண்ணன் காட்டிக்கொடுத்தது ஒன்று, விளையாட்டு ஓடுவது ஒன்று. மூன்றும் விண்டோஸ். மற்ற வாசல் திறந்தே கிடந்தது; அதில் நுழைந்தவர்கள் குறைவு.

மூன்றாவது, 2014. அந்த ஏப்ரல் 8ஆம் தேதியோடு விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று கம்பெனி முன்பே அறிவித்திருந்தது. சர்க்கார் ஆபீஸ்களில் எக்ஸ்.பி. ஓடும் பழைய கம்ப்யூட்டர்கள் ஏராளம். தமிழ் நாடு சர்க்கார் தன் இலாகாக்களுக்கு 'பாஸ்' லினக்ஸுக்கு மாறும்படி சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் தாலுகா ஆபீஸில் ஒரு டைப்பிஸ்டின் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும்.

பத்து வருஷக் கடிதங்கள் அந்த யந்திரத்தில் இருக்கின்றன. அவை தமிழில் அடித்தவை. எந்தத் தமிழில்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனியும் 'க'வுக்கு ஓர் எண், 'ங'வுக்கு ஓர் எண் என்று தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தது. ஒரு கம்பெனி எழுத்துருவில் அடித்த கடிதத்தை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். 1999ல் சென்னையில் நடந்த தமிழிணைய மகாநாட்டுக்குப் பிறகு சர்க்கார் ஒரு பொதுக் குறியீட்டையும் தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் அங்கீகரித்தது. 2010ல் யூனிகோடு என்ற உலகப் பொது முறையை ஏற்றது. அதோடு டேஸ் 16 என்ற இன்னொன்றையும் சேர்த்து ஏற்றது. உத்தரவு வந்தது வாஸ்தவம். பழைய எழுத்துரு பழைய விரலில் ஒட்டிக்கொண்டிருந்ததும் வாஸ்தவம். லினக்ஸை அந்த மேஜையில் வைத்தால், பழைய கோப்பு திறக்காது, விசை மாறிவிடும், சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய கடிதம் நின்றுவிடும். அந்த டைப்பிஸ்ட் பழைய முறைக்கே திரும்பினால் அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ஆகவே, சர்க்கார் ஆபீஸைக் கட்டிப்போட்டது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் சாப்ட்வேர் மட்டுமல்ல. நாமே உண்டாக்கிக்கொண்ட எழுத்துக் குழப்பமும் அதில் பங்காளி. ஓசூரில் இதன் கஷ்டம் இன்னொரு மடங்கு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசும் ஊர் அது. ஒரு மனுவில் தமிழும், கூடவே இணைத்த காகிதத்தில் கன்னடமும் வருவது அங்கே அதிசயமில்லை. யூனிகோடு இருந்தால் நாலு பாஷையும் ஒரே கோப்பில் சண்டையில்லாமல் உட்காரும். தனிக் கம்பெனி எழுத்துருவில் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்து நிற்பதே அபூர்வம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய வேலையில் பெரும் பங்கு சம்பளம் வாங்காதவர்கள் செய்தது. யூனிகோடில் தமிழ் அடிக்க உதவிய இ-கலப்பையைத் தன்னார்வலர்கள்தாம் எழுதி ஊருக்குக் கொடுத்தார்கள். லினக்ஸின் திரைச் சொற்களைத் தமிழாக்கியவர்களும் அப்படிப்பட்டவர்களே. டிராயிங் திறந்திருந்ததால்தான் அவர்களால் கை வைக்க முடிந்தது. பூட்டிய சாப்ட்வேரில் தமிழ் வேண்டுமென்றால், தமிழருக்கு விற்றால் லாபமுண்டா என்று கம்பெனி கணக்குப் பார்த்து முடிவு செய்யும்வரை காத்திருக்க வேண்டும்.

கேரளமும் மியூனிக்கும்

பக்கத்துக் கேரளத்தில் காரியம் ஜெயித்தது. அங்கே 2001ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் ஆரம்பமாயிற்று. முதலில் அங்கும் விண்டோஸ்தான். ஒரு கம்பெனியின் சரக்கைப் பாடமாக வைப்பதா என்று ஆசிரியர்கள் தரப்பிலிருந்தே ஆட்சேபம் வந்தது. சில வருஷங்களில் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. எப்படி மாறின என்பதில்தான் சூட்சுமம். வெறும் சுற்றறிக்கையால் அல்ல. ஆசிரியர்களை ஆயிரக்கணக்கில் பழக்கினார்கள். பாடப் புத்தகத்தை மாற்றினார்கள். பத்தாம் வகுப்புச் செய்முறைப் பரீட்சையையே லினக்ஸில் வைத்தார்கள். பரீட்சைக்கு வருவதைப் பிள்ளைகள் படிப்பார்கள். பிள்ளைகள் கேட்பதை வாத்தியார் கற்றுக்கொள்வார். இதனால் நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் மிச்சம் என்று கேரளம் சொல்லிக்கொள்கிறது. வாங்காத சரக்குக்கு என்ன விலை வைத்துக் கணக்கிடுவது என்பதில் யாரும் எதையும் சொல்லலாமாகையால், அந்தத் தொகையில் எனக்கு அவ்வளவு சிரத்தையில்லை. வாத்தியார்களைப் பழக்கியதில்தான் சிரத்தை.

ஜெர்மனியில் மியூனிக் நகரசபை 2003ல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்தது. பத்து வருஷம் பாடுபட்டுச் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். ஆனால் 2017ல் விண்டோஸுக்கே திரும்புவதென்று அதே நகரசபை தீர்மானித்தது. 2020ல் புதிய கூட்டணி வந்து, கூடுமானவரை திறந்த சாப்ட்வேர்தான் என்று மறுபடியும் சொல்லிற்று! கட்டாயத்தை எதிர்ப்பவர்கள் முதல் திருப்பத்தைக் காட்டுவார்கள். ஆதரிப்பவர்கள் இரண்டாவதைக் காட்டுவார்கள். எனக்குத் தெரிவது வேறு. மேஜைமீது எந்தச் சாப்ட்வேர் இருக்க வேண்டும் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் தீர்மானமாக வைத்தால், அது ராட்டினமாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

எதைக் கட்டாயமாக்கலாம்?

ஆகையால், குமாஸ்தாவின் மேஜையில் கட்டாயத்தைத் தொடங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கட்டாயம் சர்க்காரின்மீது விழ வேண்டும். ஜனங்கள் சர்க்காரிடம் வந்து நிற்கும் ஜன்னலில் விழ வேண்டும்.

ஓர் உதாரணம். ஓசூர்ப் பட்டறைக்காரர் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுக்க வேண்டும். போர்ட்டலில் நேராகப் பதியலாம். பில்கள் அதிகமிருந்தால், இன்டர்நெட் இல்லாமலே தயாரித்துக்கொள்ள ஆஃப்லைன் கருவிகளும் கொடுத்திருக்கிறார்கள். வருஷாந்தரக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர். 9க்குக் கொடுத்த கருவி என்ன? மைக்ரோசாப்ட் எக்ஸெல் கோப்பு. விண்டோஸும் எக்ஸெலும் வேண்டும் என்று கூடவே குறிப்பு. வரி கட்டுவது பிரஜையின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் சரக்கை வாங்கு என்று சர்க்கார் சொல்லலாமா? ரேஷன் கடையில் அரிசி வாங்க இன்ன கம்பெனிப் பைதான் கொண்டுவர வேண்டும் என்று யாராவது சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? கணக்குக் கொடுக்க வேண்டிய பயத்தில் எங்கேயோ நகல் எடுத்த எக்ஸெலைப் போட்டுக்கொண்டு, லைசென்ஸ் சோதனை என்றால் நடுங்கும் சிறு முதலாளிகள் எத்தனை பேர் என்று தொழிற்பேட்டைகளில் விசாரித்தால் தெரியும். அந்த நகல் குற்றந்தான். அந்த இடத்துக்கு அவரைத் தள்ளியதில் சர்க்காருக்கும் பங்கில்லையா?

சர்க்கார் கொடுக்கும் படிவமும் கேட்கும் கோப்பும், யாரும் எந்தச் சாப்ட்வேரிலும் திறக்கக்கூடிய பொதுமுறையில் இருக்க வேண்டும். தமிழ் என்றால் யூனிகோடில் இருக்க வேண்டும். இதைச் சட்டமாகவே போடலாம். இதில் எந்தக் கம்பெனிக்கும் கதவு அடைபடுவதில்லை. மைக்ரோசாப்ட் விற்கட்டும், ஜோஹோ விற்கட்டும், லிப்ரே ஆபீஸ் இனாமாக வரட்டும். கோப்பு பொதுமுறையில் இருந்தால் யாரும் யாருக்கும் அடிமையில்லை.

அடுத்தது, பொதுப் பணத்தில் எழுதும் சாப்ட்வேர். இது இன்னும் பெரிய விஷயம். லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஜூஜூவாடியைத் தாண்டும்போது ஈ-வே பில் கேட்கிறார்களே, அது எங்கிருந்து வந்தது? கர்நாடகத்தில் வணிகவரி இலாகா முன்பே நடத்திவந்த ஓர் ஏற்பாட்டின் அனுபவத்தில், மத்திய சர்க்காரின் தேசிய தகவல் மையம் எழுதியது. 2017 செப்டம்பரில் கர்நாடகத்தில் சோதித்தார்கள். 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்குத் தேசம் முழுவதும் அமலாயிற்று. அத்திப்பள்ளியில் எழுதிய சீட்டு ஓசூரில் செல்லுபடியாகிறது. சர்க்கார் தன் சொந்தச் சொத்தாக வைத்துக்கொண்டதால் இது சாத்தியமாயிற்று. ஏதாவது கம்பெனியின் பூட்டிய சரக்காக இருந்திருந்தால் மாநிலத்துக்கு ஒரு லைசென்ஸ் பேரம் நடந்திருக்கும்.

அமெரிக்காவில் மத்திய சர்க்கார் ஊழியர் தம் கடமையாக எழுதிய எதற்கும் அந்த நாட்டில் பதிப்புரிமை கிடையாது, ஜனங்களின் சொத்து. நம் நாட்டிலே 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி சர்க்கார் எழுதியதும் அறுபது வருஷம் சர்க்காருக்கே சொத்து. இந்த வித்தியாசத்தின் பலனை ஓசூர்க்காரர்கள் பார்க்கலாம். 1990களில் அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய ஸ்தாபனம், லேத்தையும் மில்லிங் யந்திரத்தையும் கம்ப்யூட்டரால் ஓட்டும் ஒரு சாப்ட்வேரை எழுதிற்று. அது பொதுச் சொத்தாக வெளிவந்தது. தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். இன்று அதற்கு லினக்ஸ் சி.என்.சி. என்று பெயர். கண்ட்ரோலர் பழுதாகிக் கிடக்கும் பழைய சி.என்.சி. யந்திரத்துக்கு, விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கிடைத்தால், அதை வைத்து மறுபடியும் உயிர் கொடுக்கலாம். அந்நிய நாட்டு வரிப் பணத்தில் எழுதியது, இங்கே ஒரு பட்டறைக்குக் கைகொடுக்கிறது. நம் வரிப் பணத்தில் எழுதியது நம் பட்டறைக்கு உதவக்கூடாதா?

மத்திய சர்க்கார் 2015ல் இதற்கென்று கொள்கைகளே வெளியிட்டிருக்கிறது. டெண்டர் கோரும்போது திறந்த சாப்ட்வேரைப் பரிசீலிக்க வேண்டும், அதை விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது ஒன்று. சர்க்கார் எழுதிய சாப்ட்வேரின் மூல நிரலைத் திறக்கலாம் என்கிறது இன்னொன்று. காகிதத்தில் குறையில்லை. "விருப்பம்" என்ற சொல்லுக்கும் "வேண்டும்" என்ற சொல்லுக்கும் இடையில் எத்தனை கோப்புகள் தூங்கும் என்பது சர்க்கார் ஆபீஸ் பழக்கமுள்ளவர்களுக்குத் தெரியும். பொதுப் பணத்தில் புதிதாக எழுதுவிக்கும் ஒவ்வொரு சாப்ட்வேருக்கும் மூல நிரல் சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும், ராணுவம், போலீஸ் போன்ற ரகசியக் காரியம் தவிர மற்றவை வெளியிடப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அதில் தூங்க இடமில்லை.

பிள்ளைகள் எதைப் படிக்கலாம்?

தொழிற்பேட்டையில் ஒரு கேள்வி கட்டாயம் எழும். "எங்கள் தொழிற்சாலையில் இன்ன டிசைன் சாப்ட்வேர் தெரிந்த பையன்தான் வேண்டும். ஐ.டி.ஐ.யில் வேறெதையோ சொல்லிக்கொடுத்தால் அவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?" நியாயமான கேள்வி. பொறியியல் வரைபடத்துக்குக் கட்டற்றதாக ப்ரீகேட் என்று ஒன்று இருக்கிறது. 2002ல் தொடங்கியது; 1.0 என்று தைரியமாக எண் போட்டுக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆயிற்று. வளர்ந்திருக்கிறது என்றாலும், பெரிய தொழிற்சாலைகள் புழங்கும் விலையுயர்ந்த சரக்குக்கு அது எல்லா வகையிலும் ஈடு என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்குப் போகும் கடைசி வருஷத்தில் தொழிற்சாலையின் சாப்ட்வேரையே பழக்கட்டும். அதற்கு முந்தின வருஷங்களில், வீட்டுக்கு எடுத்துப் போய் ராத்திரி முழுக்கப் போட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுத்தால் கை பழகும். லைசென்ஸ் உள்ள பத்து யந்திரத்துக்கு முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்பதைவிட அது மேல். மேலும், 'பொத்தான் எங்கே இருக்கிறது' என்பதல்லவே படிப்பு? டிராயிங் படிக்கத் தெரிந்தவன் எந்த லேத்திலும் நிற்பான்.

பள்ளியில் இது சத்தமில்லாமல் ஆரம்பித்தும் விட்டது. 2018ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் தமிழ் நாட்டுப் பதினோராம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்தில் ஓப்பன் ஆபீஸ் பாடம் இருக்கிறது, விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பைதான். எல்லாம் திறந்த சரக்கு. எந்தக் கட்சியும் இதற்காக ஊர்வலம் போகவில்லை, எந்தக் கம்பெனியும் வழக்குப் போடவில்லை. கிருஷ்ணகிரி ஜில்லாவில் ராயக்கோட்டையிலோ தேன்கனிக்கோட்டையிலோ சர்க்கார் பள்ளியில் படிக்கும் பெண், அந்த முறையில் கடிதம் அடிக்கக் கற்றுக்கொண்டுதான் வெளியே வருகிறாள். நாளைக்கு அவள் பரீட்சை எழுதி, தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக உட்காரும்போது, பழைய எழுத்துருவைப் போட்டு அவள் விரலைத் திரும்பப் பழக்காமலிருந்தால் போதும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு வருஷங்களில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லாப்டாப்போ டாப்லெட்டோ கொடுப்பதாகத் தமிழ் நாடு சர்க்கார் அறிவித்தது. யந்திரத்துக்குள் எத்தனை வாசல் வைக்கிறார்கள் என்பதைவிட, கல்லூரியில் கேட்கும் அஸைன்மென்ட் எந்த வாசல் வழியாகப் போனாலும் எழுதி முடிக்கக்கூடியதா என்பதையே நான் கேட்பேன். அதற்குச் சர்வகலாசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கையும், பேராசிரியர்களுக்கு ஒரு வாரப் பயிற்சியும் வேண்டும். பயிற்சியை முதலில் வைத்துவிட்டு, சுற்றறிக்கையைப் பிறகு அனுப்பலாம்.